முதலைக்கு யார் நெருக்கம்?

எங்கள் வீட்டில் ஒரு நாள் கோழி முதல் ரேங்க் வாங்கிவிட்டது. என்னால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. எல்லா வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

அப்போது நான் ஆறாம் வகுப்பு, அக்கா பத்தாம் வகுப்பு. ஜீவனஹள்ளியில் ஒரு மூன்று மாடி வீட்டின் தரைத்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில் பாதி ஒளிந்துகொண்டிருந்த ஒன்றரை அறை எங்களுடையது. அப்பாவுக்குச் சிவாஜிநகரில் ஒரு கோழிக்கடையில் வெட்டுகிற வேலை. விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கட்டையைச் சாய்த்துவிட்டு, சாயங்கால வியாபாரத்துக்குத் திரும்பப் போவார். அம்மா காக்ஸ் டவுனில் இரண்டு வீடுகளில் சமைத்தாள். நான் கடைக்குட்டி, ஆகவே வீட்டில் எல்லோரையும்விட எனக்குத்தான் அதிகம் தெரியும் என்பது என்னுடைய அசைக்க முடியாத நம்பிக்கை.

அந்த வருடம் பள்ளியில் அறிவியல் கண்காட்சி வைத்தார்கள். பத்தாம் வகுப்பில் பாதிப் பேர் எரிமலை செய்தார்கள். சோடா மாவில் வினிகரை ஊற்றினால் பொங்கும், கைதட்டல் கிடைக்கும், படிக்க வேண்டியது ஒன்றும் கிடையாது. மீதிப் பேர் காற்றாடி செய்தார்கள். அக்கா மட்டும் உயிர்களின் மரத்தைச் செய்யப்போகிறேன் என்றாள். எந்தப் பிராணி எந்தப் பிராணிக்கு எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்று காட்டுகிற கிளைப்படம் அது. பாடப்புத்தகத்தில் உள்ளங்கை அளவுக்கு இருந்த அந்தப் படத்தை அவள் ஒரு வாரம் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து, "எல்லாரும் இத தப்பாப் படிக்கிறாங்கடி!" என்றாள்.

அவள் கண்டுபிடித்தது இதுதான். வகுப்பில் எல்லோரும் கிளைகளை விட்டுவிட்டு, கிளைகளின் நுனியில் இருந்த வரிசையை மட்டும் படித்தார்கள். மீன், தவளை, பல்லி என்று ஆரம்பித்து மனிதனில் முடிகிற வரிசை. பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை சொந்தம், கடைசியில் இருப்பது எல்லாவற்றிலும் உசத்தி என்று எண்ணிக்கொண்டார்கள். அப்படியில்லை என்று காகிதத்தில் எத்தனை தரம் வரைந்து காட்டினாலும் கண் மறுபடி வரிசைக்குத்தான் போகும், எனவே ஆடுகிற மரம் ஒன்று வேண்டும் என்று அக்கா முடிவு கட்டினாள்.

அந்த மழைக்காலம் எங்கள் வீட்டில் இரண்டு குடைகளைக் காவு வாங்கியிருந்தது. அவற்றின் கம்பிகளை உருவி எடுத்தாள். சாவிக்கொத்து வளையங்கள் ஏழு வாங்கினாள். புடவைப் பெட்டி அட்டையில் எட்டு உருவங்களை வெட்டி வண்ணம் தீட்டினாள். உச்சியில் ஒரு வளையம். அதில் தொங்கிய கம்பியின் ஒரு முனையில் மீன், மறு முனையில் அடுத்த வளையம். அதில் தொங்கிய கம்பியில் ஒரு பக்கம் தவளை, மறு பக்கம் இன்னொரு வளையம். அங்கிருந்து மரம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் பல்லியும், அதற்குக் கீழே ஒரே வளையத்தில் ஜோடியாகத் தொங்கிய முதலையும் கோழியும். மறு பக்கம் ஆடும், அதற்குக் கீழே ஜோடியாகத் தொங்கிய குரங்கும் மனுஷியும். மனுஷிக்கு என் யூனிஃபார்மைப் போட்டு இரட்டை ஜடையும் வரைந்திருந்தாள். அதைப் பார்த்த கணத்திலேயே அந்த மரம் என் மரமாகிவிட்டது.

சமையலறைக்கும் படுக்கிற அறைக்கும் நடுவில் இருந்த கொக்கியில் அதைத் தொங்கவிட்டாள். லேசாக ஊதினால் போதும், கம்பிகள் ஒவ்வொன்றும் தன் வளையத்தில் சுற்றும், இந்தப் பக்கம் இருந்தவர் அந்தப் பக்கம் போவார். அதுதான் வேண்டும் என்று அக்கா எனக்குப் படித்துப் படித்துச் சொன்னாள்.

"வளையம்தான்டி பாட்டன். ரெண்டு பேரு எந்த வளையத்துல வந்து சேர்றாங்கன்னு பாரு. கிட்டக்க சேர்ந்தா நெருங்கின சொந்தம், மேல போயி சேர்ந்தா தூரத்துச் சொந்தம். பக்கத்துல யாரு தொங்குறாங்கன்னு பாக்கவே கூடாது. மாமா கல்யாண ஃபோட்டோல உம் பக்கத்துல சமையக்காரரு நின்னாரே, அவரு நமக்குச் சித்தப்பாவா?"

நான் குச்சி ஐஸ் தின்றுகொண்டிருந்தேன். ஐஸ் உருகி முழங்கை வரைக்கும் வழிந்ததில் என் கவனம் முழுவதும் அங்கே இருந்தது. "ம்" என்றேன். அந்த ஒரு "ம்"முக்குப் பதிலாக, "இன்னொரு தரம் சொல்லுக்கா" என்று கேட்டிருக்கலாம். அவள் ஆயிரம் தரம் வேண்டுமானாலும் சொல்லியிருப்பாள், பாவி மகள் நான்தான் கேட்கவில்லை.

அக்காவுக்கு இது வெறும் கண்காட்சி இல்லை. பத்தாவது முடித்ததும் அடுத்த இரண்டு வருட பி.யு.சி.யில் சயின்ஸ் எடுக்க வேண்டும், அதிலும் உயிரியல் படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதைவிடப் பயம் என்று சொல்ல வேண்டும். எங்கள் பெரியப்பா மகன் பி.யு.சி. சயின்ஸில் சேர்ந்து இரண்டு தரம் எழுதியும் தேறாமல் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். சொந்தத்தில் அதற்கு மேல் போனவர்கள் யாரும் இல்லை. பேசாமல் காமர்ஸ் படித்தால் ஒரு ஆபீஸில் ஃபேனுக்கடியில் உட்காரலாமே என்பது அப்பாவின் கணக்கு. அக்கா இரண்டு நாள் சாப்பிடாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட பிறகு அவர் இறங்கி வந்தார்.

"எனக்கு இன்னாம்மா தெரியும்? தெரிஞ்சவங்க ஒருத்தரு உன் வேலையப் பாத்துட்டு, இந்தப் பொண்ணுக்குப் படிப்பு வரும்னு வாயால சொல்லட்டும். மறுநாளே ஃபாரம் வாங்கியாறேன்."

கண்காட்சிக்கு மதிப்பெண் போட ஒரு பி.யு. கல்லூரியில் உயிரியல் நடத்துகிற மேடம் வருவதாக இருந்தது. ஆக, அக்காவின் படிப்பு முழுவதும் எட்டு அட்டைப் பிராணிகளில் தொங்கிக்கொண்டிருந்தது. இது எனக்கும் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

அப்பா ஒன்றும் கல்நெஞ்சக்காரர் இல்லை. முதலைக்கும் கோழிக்கும் ஒரே வளையம் என்று அக்கா சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். "அட கெரகமே, இத்தினி வருஷமா மொதலையோட தங்கச்சியவா வெட்டிட்டிருக்கேன்?" என்றார். ஆனால் அடுத்த நாள் கடையிலிருந்து வரும்போது செய்தித்தாளில் சுற்றி நான்கு கோழிக்கால்களைக் கொண்டுவந்தார். தோலில் செதில் செதிலாக இருப்பதை நிமிண்டிக் காட்டி, "நீ சொன்னப்புறம்தான் பாத்தேன். நெசம்தாம்மா" என்றார். அக்காவின் முகத்தில் அன்றைக்கு இருந்த மலர்ச்சியை நான் அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை.

கண்காட்சி சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை பெஞ்சுகளை நகர்த்த வேண்டும் என்று எங்களைப் போன்ற சின்ன வகுப்புகளை மத்தியானமே வீட்டுக்கு விரட்டிவிட்டார்கள். அக்கா அலங்கார வேலைக்காக அங்கேயே தங்கிவிட்டாள். காலையில் கிளம்பும்போது என் கன்னத்தைத் தட்டி, "பத்திரமாப் பாத்துக்கடி, உன்ன நம்பிதான் போறேன்" என்று சொல்லியிருந்தாள். அந்த வார்த்தையைத் தலையில் சுமந்துகொண்டு நான் ஒரு போலீஸ்காரி போல வீட்டுக்கு வந்தேன்.

அப்பா வந்தார். சமையலறைக் குழாய் ஒரு வாரமாக ஒழுகிக்கொண்டிருந்தது. கடையில் அதற்கென்று விற்கிற பசையை வாங்கி வந்திருந்தார். இரண்டு வில்லைகள் இருக்கும்; இரண்டையும் சேர்த்துப் பிசைந்து ஓட்டையில் அப்பினால் ஒரு மணி நேரத்தில் கல்லாகிவிடும். குழாயை அடைத்துவிட்டு, பிசையாத மிச்சத்தை ஜன்னலோரம் வைத்தார். சாப்பிட்டார். மரத்துக்குக் கீழே பாயை விரித்துப் படுத்து, அது சுற்றுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது இன்னா பாப்பா, நிக்கவே நிக்காதா?" என்று என்னைக் கேட்டார். பிறகு தூங்கினார், எழுந்து கடைக்குப் போனார்.

அவர் போன பிறகு மழைக்காற்று கிளம்பியது. ஜன்னல் படீரென்று திறந்துகொண்டது. மரம் தலைசுற்றியது போல ஆடி, ஓய்ந்து, நின்றபோது நான் நிமிர்ந்து பார்த்தேன். என் யூனிஃபார்ம் போட்ட மனுஷி தவளைக்குப் பக்கத்தில், நடுவில் எங்கோ மாட்டிக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டிக் குரங்கு, ஆடு, பல்லி, முதலை. வரிசையின் கடைசியில், நான் இருக்க வேண்டிய இடத்தில், கோழி.

எனக்கு ரத்தம் கொதித்தது. என் மனதில் அந்த வரிசை ரேங்க் பட்டியலாகத்தான் இருந்தது. மீன் ஃபெயில், தவளை ஜஸ்ட் பாஸ், ஏறி ஏறி நான் ஃபர்ஸ்ட் ரேங்க். போயும் போயும் கோழி! அப்பா தினமும் சாக்கு சாக்காக வெட்டுகிற கோழி என்னைத் தோற்கடிப்பதா? கம்பிகளைத் திருப்பி எல்லோரையும் அவரவர் இடத்தில் வைத்தேன். காற்று வந்தது. கோழி மறுபடி போய்க் கடைசியில் நின்றது. நாளைக்கு மேடம் வரும்போது இப்படிக் கன்னாபின்னா என்று இருந்தால் அக்காவின் மானம் என்ன ஆகும்? ஜன்னலை மூடினாலும் பள்ளிக்கூடத்தில் காற்று இருக்குமே?

ஜன்னலோரம் பசை இருந்தது.

அப்பா செய்ததைப் பார்த்திருந்தேனே. பிசைந்தேன். குடத்தைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி, வரிசையைச் சரிபார்த்துச் சரிபார்த்து ஒவ்வொரு வளையத்திலும் அடைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். ஏழு பாட்டன்மாரையும் ஒரே மத்தியானத்தில் கல்லாக்கினேன். மீனிலிருந்து மனுஷி வரை எல்லோரும் அசெம்பிளியில் நிற்பதைப் போல நேராக நின்றார்கள். ஊதிப் பார்த்தேன். ஒருவரும் அசையவில்லை. அந்தச் சாயங்காலம் எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. அக்காவுக்கு நான் ஒரு பெரிய உதவி செய்துவிட்டேன், நாளைக்கு அவளே பார்த்து அசந்துபோகட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

இருட்டுகிற நேரத்தில் அக்கா களைத்துப்போய் வந்தாள். அதற்குள் நான் மரத்தை இறக்கி அம்மாவின் பழைய புடவையில் சுற்றி, ஒரு பெரிய அட்டைப்பெட்டியில் நிற்க வைத்திருந்தேன். "பரவால்லியே, பொறுப்பு வந்துடுச்சே" என்று என் தலையைக் கோதினாள். பிரித்துப் பார்க்கவில்லை. என்னை நம்பினாள்.

மறுநாள் காலையில் எங்கள் ஆட்டோ ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மேடம் பக்கத்து வகுப்பறைக்கு வந்துவிட்டிருந்தார். அக்கா ஓடிப்போய் மரத்தைக் கரும்பலகைக்கு மேலிருந்த ஆணியில் மாட்டினாள். வளையத்தைப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. எல்லோரும் வரிசையாக நிற்பதைப் பார்த்ததும் காற்று அடங்கியிருக்கிறது என்று நினைத்திருப்பாள். அப்பா வாசலில் நின்றிருந்தார். சனிக்கிழமை கடையில் தலைக்கு மேல் வேலை இருக்கும். எப்படியோ சொல்லிவிட்டு, அங்கேயே குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். தலை ஈரமாக இருந்தது. உள்ளே வரச் சொல்லி நான் கையை ஆட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்து அங்கேயே நின்றார்.

மேடம் வந்தார். மரத்தை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தில் ஆர்வம் தெரிந்தது. அக்காவைப் பார்த்துக் கன்னடத்தில் கேட்டார்: "மொசளெகெ யாரு ஹத்திர? ஹல்லினா, கோளினா?"

முதலைக்கு யார் நெருக்கம், பல்லியா கோழியா? அக்கா ஒரு மாதமாகக் காத்திருந்த கேள்வி அது.

"கோளி, மேடம்" என்றாள் பட்டென்று. சுற்றி நின்ற பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. வாசலில் அப்பா நிமிர்ந்து நின்றார்.

முதலைக்கு இந்தப் பக்கம் பல்லியும் அந்தப் பக்கம் கோழியும் சமமான தூரத்தில்தானே இருக்கின்றன, கோழிதான் நெருக்கம் என்று எப்படிச் சொல்வாய் என்று மேடம் கேட்டார். அவருக்குப் பதில் தெரியும்; அக்காவின் வாயால் வர வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் கேட்டார். "தோர்சு" என்றார். காட்டு.

அக்கா சிரித்துக்கொண்டே பல்லியின் கம்பியைப் பிடித்துத் திருப்பினாள். பல்லி மறு முனைக்குப் போய்விடும். முதலையும் கோழியும் ஒரே வளையத்தில் பிரியாமல் தொங்கும். இடம் மாறினாலும் சொந்தம் மாறாது என்று அவள் சொல்ல வேண்டும். கம்பி திரும்பவில்லை. மறுபடி திருப்பினாள். அசையவில்லை. கொஞ்சம் அழுத்தினாள். கம்பி வளைந்து, பசைக்கட்டி வளையத்தோடு பிய்ந்துகொண்டு, பல்லி முதலை கோழி மூன்றும் தரையில் விழுந்தன.

மேடம் குனிந்து பசைக்கட்டியை எடுத்தார். மேலே இருந்த மற்ற வளையங்களையும் பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. மிகவும் கனிவாக, வரிசை மாறிவிடக் கூடாது என்று ஒட்டிவிட்டாயா அம்மா, எல்லோரும் செய்கிற தப்பு இதுதான், மரத்தை ஏணி போலப் படிக்கக் கூடாது என்றார்.

"இல்ல மேடம்" என்றாள் அக்கா. அதற்கு மேல் வரவில்லை. எந்தத் தப்பைத் தப்பு என்று காட்ட ஒரு மாதம் உழைத்தாளோ, அந்தத் தப்பையே அவள் செய்ததாகக் குறித்துக்கொண்டு மேடம் எரிமலைகள் இருந்த அடுத்த அறைக்குப் போய்விட்டார். அக்கா வாசலைப் பார்த்தாள். அப்பா அங்கே இல்லை.

அவர் எங்கே போனார் என்று எனக்குத் தெரியும். ஓரத்தில் நின்றிருந்த நான் வராந்தாவில் பார்த்தேன். மேடம் வெளியே வந்தபோது அப்பா அவருக்குப் பின்னாலேயே போய், கையைக் கட்டிக்கொண்டு, தன் உடைந்த கன்னடத்தில் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தார். மேடம் இரக்கத்தோடு தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார். அக்காவுக்காகக் கெஞ்சுகிறார் என்பது எனக்கு உறைக்கவில்லை. இதையும் நான் அக்காவிடம் சொல்லவில்லை.

முதல் பரிசு எரிமலைக்குக் கிடைத்தது.

சாயங்காலம் வீட்டில் அக்கா மரத்தைத் தரையில் கிடத்தி ஒவ்வொரு வளையமாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீ தொட்டியாடி?"

அவள் குரல் எப்படி இருந்தது என்றால், அந்தக் குரலைக் கேட்டால் யாராக இருந்தாலும் பொய் சொல்லியிருப்பார்கள். "சாமி சத்தியமா இல்லக்கா. பொடவதான் சுத்தினேன்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "அப்பா மத்தியானம் வந்தாரு. கொழாய அடைச்சாரு. இதுக்குக் கீழதான் படுத்திருந்தாரு. நிக்கவே நிக்காதான்னு கேட்டாரு" என்றேன்.

அப்பாவைப் பற்றிச் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அத்தனையும் சத்தியம். அதுதான் என் சாமர்த்தியம்.

அப்பா உள்ளே வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அக்கா எழுந்து நின்றுவிட்டாள். "இதப் பண்ணவங்க யாரா இருந்தாலும் சரி, இந்த ஜென்மத்துல அவங்களோட பேச மாட்டேன். அவங்க மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த பேச மாட்டேன்" என்று கத்தினாள். பசைக்கட்டியை அவர் காலடியில் வீசினாள். "நீதானேப்பா? நான் சயின்ஸ் படிக்கக் கூடாதுன்னுதானே?"

அப்பா கட்டியைக் குனிந்து எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். சின்னதாகக் குழிந்திருந்த ஓரிடத்தில் அவர் பார்வை நின்றது. பிறகு என்னைப் பார்த்தார். நான் என் கால் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் தன் கட்டைவிரலை அந்தக் கட்டியின் மேல் வைத்து மூடிக்கொண்டார். கெட்டியாக இருக்கிறதா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன்.

அம்மா பதறினாள். "யோவ், வாயத் தொறந்து சொல்லேன். நீ பண்ணலன்னு சொல்லேன்யா."

அப்பா இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. "பசிக்குது, எதனா இருந்தா போடு" என்று மட்டும் சொன்னார்.

அக்கா சொன்னதைச் செய்கிற ஜாதி. பரீட்சை முடிவு வந்த மறுநாள் அப்பா யாரும் கேட்காமலே சயின்ஸ் ஃபாரத்தை வாங்கி வந்து அலமாரி மேல் வைத்தார். அக்கா அதைத் தொடக்கூட இல்லை. "எனக்கு காமர்ஸே போதும்னு சொல்லும்மா" என்றாள், அவர் இரண்டடி தூரத்தில் நின்றிருக்கும்போதே. அவர் ஆசைப்பட்டபடியே ஆபீஸில் ஃபேனுக்கடியில், பிறகு ஏ.சி.யில் உட்கார்ந்தாள். அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் சுவரைப் பார்த்தே சொன்னாள். சாவி ஆணியில இருக்கு. ஃபோன் வந்துச்சு. அவள் கல்யாணத்தில் அப்பாவின் காலில் விழுந்து எழுந்தாள். அழுததெல்லாம் அம்மாவின் தோளில்தான்.

நான் பத்தாவது முடித்தபோதும் ஒரு சயின்ஸ் ஃபாரம் அலமாரி மேல் வந்தது. வெட்கமில்லாமல் எடுத்துக்கொண்டேன். இன்றைக்கு நான் உயிரியல் டீச்சர். ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் அந்த மரத்தை வரைகிறேன். முதலைக்குக் கோழிதான் நெருக்கம் என்று சொன்னதும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நுனியைப் பார்க்காதீர்கள், எங்கே சேர்கிறது என்று பாருங்கள் என்று விளக்குகிறேன். நன்றாக விளக்குகிறேன் என்று சொல்கிறார்கள். அக்காவின் வார்த்தைகள் அவை. அவள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றுகொண்டு நான் சம்பாதிக்கிறேன்.

எத்தனையோ தரம் சொல்லிவிட நினைத்தேன். பரீட்சை முடியட்டும், கல்யாணம் முடியட்டும், குழந்தை பிறக்கட்டும் என்று தள்ளிப்போட்டேன். மூன்று வருடங்களுக்கு முன்னால் அப்பா போய்விட்டார். கடைசி இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் அவருக்குக் கஞ்சி ஊட்டியது அக்காதான். வாயைத் துடைத்துவிட்டாள், போர்வையை இழுத்துவிட்டாள். பேசவில்லை. நான் கதவோரம் நின்று பார்த்தேன். அன்றைக்காவது சொல்லியிருந்தால் அவர் காதில் "அப்பா" என்ற ஒரு சொல் விழுந்திருக்கும். எனக்குத் தைரியம் வரவில்லை. நான் ஒரு கோழை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, மொட்டை மாடியில் அவருடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தபோதுதான் சொன்னேன். வளையம், பசை, கோழி, ஃபர்ஸ்ட் ரேங்க், எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா கத்துவாள், அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மடித்துக்கொண்டிருந்த சட்டையை மடியில் வைத்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"அவரு ஏன்டி சொல்லல? நான் பண்ணலன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா போதுமே. ஏன்டி சொல்லல?"

"தெரியலக்கா" என்றேன். அதுவும் பொய்.

கண்காட்சி நடந்த அன்று ராத்திரி, அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்ட பிறகு, அப்பா என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். படிக்கட்டில் என்னைத் தனக்குக் கீழ்ப்படியில் உட்கார வைத்துக்கொண்டார். கையில் தேங்காய் எண்ணெய்க் கிண்ணமும் ஒரு ஊக்கும் வைத்திருந்தார். என் கையை வாங்கி விரித்தார். நகக்கண்களில் சாம்பல் நிறத்தில் பசை காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நான் அதைக் கவனிக்கவே இல்லை. ஒவ்வொரு விரலாக எண்ணெய் தடவி, வலிக்காமல், கோழியின் இறகை எடுப்பதைவிட மெதுவாக, ஊக்கின் முனையால் அதைச் சுரண்டி எடுத்தார். பத்து விரலையும் முடித்தார்.

"மண்ணுல வெளயாண்டியா பாப்பா?" என்று கடைசியில் கேட்டார்.

"ஆமாப்பா" என்றேன்.

"சரி, போ. போயி அக்கா பக்கத்துல படுத்துக்கோ."

அப்பாவை இவ்வளவு சுலபமாக ஏமாற்றிவிட்டோமே என்று உள்ளூரச் சிரித்துக்கொண்டே ஓடிப்போய் அக்காவின் மேல் காலைப் போட்டுக்கொண்டு படுத்தேன்.